முயலுக்கும் கருத்தடை உண்டு: கோடை விடுமுறைக்கு முன் சென்னை மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெருநகர சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டின் இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதோர் 5,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும் என்று அறிவித்ததும் நகரமெங்கும் அதுவே பேச்சாயிற்று. அந்த ஏற்பாட்டில் முயலுக்கு இடமில்லை. நாய்க்கு இத்தனை கெடுபிடி என்றால் குழந்தைக்கு ஒரு ஜோடி முயலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் பல வீடுகளில் எழுவதற்கும், ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குவதற்கும் இடையில் இருப்பது சில வாரங்களே என்பதால், நகரில் முயல் வளர்ப்போரும் கைவிடப்பட்ட முயல்களை எடுத்துப் பராமரிப்போரும் அடங்கிய குழுவொன்று இவ்வேண்டுகோளைச் சக குடிமக்கள் முன் வைக்கிறது. வேண்டுவது ஒன்றுதான்: முயலை வாங்குகிறவர் அதற்குக் கருத்தடை அறுவை செய்விக்க வேண்டும், அதற்கு மனமோ பணமோ இல்லாதவர் முயலை வாங்காதிருக்க வேண்டும்.

பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தெருமுனைக் கூண்டுக் கடைகளிலும் முயல் என்பது ஜோடிக் கணக்கில் விற்கப்படும் பொருள். பால்குடி மறந்தும் மறவாத பருவத்துக் குட்டிகளே அங்கு விலைபோகின்றன என்பதையும், எட்டு வாரம் நிறையாத முயல்குட்டியில் ஆண், பெண் வேறுபாட்டைக் கண்டறிவது பழகிய கைகளுக்கே கடினம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "இரண்டும் பெண்தான், பயமில்லை" என்று வாங்குவோருக்குக் கூறப்படும் உறுதிக்கு உள்ள மதிப்பு விளங்கும். சிறிய இனங்களில் நான்காம் மாதத்திலேயே, பெரிய இனங்களில் ஐந்து, ஆறு மாதங்களில், முயல் இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடுகிறது. பசுவுக்கும் நாய்க்கும் உள்ளதுபோன்ற பருவச் சுழற்சி பெண் முயலுக்கு இல்லை. இணைசேர்ந்த பிறகே, ஏறத்தாழ 10 மணி நேரத்தில், அதன் சினைமுட்டை வெளிப்படுகிறது. ஆகவே பருவத்தில் மட்டும் பிரித்து வைத்தால் போதும் என்ற உபாயம் இங்குப் பயன்படாது. சினைக்காலம் 30 முதல் 32 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திற்குள்ளாகவே தாய் மீண்டும் சினைப்பட முடியும் என்பதால், முதல் ஈற்றுக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்று வயிற்றில் வளர்கிறது.

ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டிகள், ஆண்டுக்கு ஆறு ஈற்றுகள் என்று மிதமாகக் கணக்கிட்டாலும் ஒரு தாயிடமிருந்து ஆண்டொன்றுக்கு 36 குட்டிகள் வருகின்றன. அவற்றில் பாதி பெண் எனக் கொண்டால், முதல் இரண்டு ஈற்றுகளில் பிறந்த ஆறு பெண் குட்டிகளும் அந்த ஆண்டு முடிவதற்குள் தாமே தாயாகிவிடுகின்றன. இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டின் பால்கனி இதைத் தாங்காது. உறவினர் வீட்டிற்கு இரண்டு, எதிர்வீட்டிற்கு இரண்டு, பள்ளித் தோழனுக்கு ஒன்று என்று கொடுத்துத் தீர்ந்தபின், மிஞ்சியவை அட்டைப்பெட்டியில் வைக்கப்பட்டுப் பூங்கா வாசலிலோ ஏரிக்கரையிலோ காப்புக்காட்டின் ஓரத்திலோ இரவு நேரத்தில் விடப்படுகின்றன. விடுகிறவர் பெரும்பாலும் ஒரு கேரட்டையும் உடன் வைத்துவிட்டுச் செல்கிறார் என்பது, இச்செயலைத் தாம் ஒரு கொடுமையாகவே எண்ணவில்லை என்பதற்கு அவரே தரும் சாட்சி.

"முயல் காட்டுப் பிராணிதானே, பிழைத்துக்கொள்ளும்" என்ற சமாதானம் அறிவியலின் முன் நிற்பதில்லை. தமிழகத்தின் புதர்க்காடுகளில் வாழும் முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அதன் குட்டி உடல் நிறைய மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறந்து, சற்று நேரத்திலேயே ஓடத் தொடங்கும். கூண்டில் வளர்க்கப்படும் முயலோ ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அமைந்துள்ள ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட காட்டு முயலிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்தது. அதன் குட்டி மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கிறது. இரண்டிற்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு: வளர்ப்பு முயலுக்கு 44, தமிழகக் காட்டு முயலுக்கு 48. வளர்ப்பு முயலுக்கு வியர்வையால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியில்லை. காது மடல்களின் வழியேதான் அது பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது. 40 பாகையைத் தொடும் சென்னை மே மாத வெயிலில், வளை தோண்ட வாய்ப்பில்லாத சிமெண்டுத் தரையில், வெள்ளை மயிரோடு தொலைவிலிருந்தே கண்ணில் படும் அப்பிராணி வெப்பத்திற்குத் தப்பினாலும் தெருநாய்க்கும் காக்கைக்கும் பருந்துக்கும் தப்புவதில்லை.

வேறு நாடுகளில் இதே பிழை வேறு வடிவில் வெளிப்பட்டது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வளாகத்தில் கைவிடப்பட்ட முயல்கள் பெருகி, 2010 அளவில் அவற்றின் தொகை ஏறத்தாழ 1,600 என மதிப்பிடப்பட்டது. கொல்வதா, இடம்பெயர்ப்பதா என்ற வழக்காடலுக்குப் பின் பல நூறு முயல்கள் கருத்தடை செய்யப்பட்டுக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வில்டன் மேனர்ஸ் நகரக் குடியிருப்பொன்றில், முயல் வளர்த்து விற்றவர் இடம் மாறியபோது விட்டுச்சென்றவை 2023இல் 60 முதல் 100 வரை பெருகிவிட்டிருந்தன; அவற்றை ஒழிக்க நகர மன்றம் முடிவெடுத்த பின்னரே மீட்புக் குழுவினர் நிதி திரட்டி அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து புதிய வீடுகளில் சேர்க்க முற்பட்டனர். அங்கெல்லாம் முயல்கள் உயிரோடு கண்முன் நின்றதால் ஊர் கூடி ஒரு முடிவுக்கு வரவேண்டியதாயிற்று. சென்னையில் அவை சில நாட்களில் செத்துப்போகின்றன. காலையில் துப்புரவுப் பணியாளர் அப்புறப்படுத்தும் குப்பையோடு கணக்கும் முடிந்துவிடுகிறது. இந்நகரில் முயல் பெருக்கம் ஒரு சிக்கலாகவே பேசப்படாததற்குக் காரணம் இதுதான். வளர்ப்போரின் பொறுப்புணர்ச்சி அன்று.

அரசின் பங்கையும் குறிப்பிட்டாக வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் தொடங்கி, வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இறைச்சி இனங்களைப் பெருக்குவதற்கான பயிற்சியும் கையேடும் இம்மாநிலத்தில் பல்லாண்டுகளாகக் கிடைத்துவருகின்றன. உழவருக்கு அது வருமானம், குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் அதே பண்ணை இனங்களே "குட்டி முயல்" என்ற பெயரில் நகரக் குழந்தைகளிடம் வந்து சேர்ந்து, உள்ளங்கையில் அடங்கியது ஓராண்டில் நான்கு கிலோவைத் தாண்டும்போது, அதை எவ்வாறு பெருக்காமல் வைத்திருப்பது என்று சொல்லித்தர ஒரு துண்டறிக்கைகூட இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்கு கருத்தடை விதிகள் நாய், பூனை அளவிலேயே நின்றுவிட்டன. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை குற்றத்திற்கு அது விதிக்கும் அபராதமோ 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல் என்றே இருக்கிறது. உரிமமில்லாத நாய்க்கு 5,000, பெட்டியில் வைத்துச் சாக விட்ட முயலுக்கு 50 என்பதே இன்றைய விலைப்பட்டியல்.

கருத்தடை அறுவை என்பது ஆண் முயலில் விதைகளை நீக்குவதும், பெண் முயலில் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றுவதும் ஆகும். ஆணுக்கு நான்கு, ஐந்து மாதங்களிலும் பெண்ணுக்கு ஆறு மாத அளவிலும் இதைச் செய்வது வழக்கம். பெண் முயலுக்கு இது குட்டிகளைத் தடுக்கும் வழி மட்டுமன்று. கருத்தடை செய்யப்படாமல் நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில், சில இனங்களில், 50 முதல் 80 விழுக்காடு வரை கருப்பைப் புற்றுக்கு உள்ளாவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அது நுரையீரலுக்குப் பரவும் இயல்புடையது. முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரோடு கலந்து வரும் இரத்தம். முயலின் சிறுநீர் தீவனத்தின் நிறமிகளால் இயல்பாகவே சிவப்பதுண்டு என்பதால் வீட்டில் உள்ளோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நன்கு பராமரித்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடிய பிராணி ஐந்தாம் ஆண்டில் இறக்க, "முயலுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள்.

"வாயில்லா ஜீவன் மேல் கத்தி வைப்பது பாவம்" என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. மாதந்தோறும் ஈன்று மெலியும் தாயையும் நாய் வாயில் முடியும் குட்டிகளையும் காணாத பாவக்கணக்கு இது. மயக்க மருந்தைப் பற்றிய அச்சத்திற்கு மட்டும் நேர்மையான விடை சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மயக்கமருந்து அளிக்கப்பட்ட 8,000க்கும் மேற்பட்ட முயல்களில் இறப்பு 1.39 விழுக்காடு, நோயில்லாத முயல்களில் 0.73 விழுக்காடு. நாயில் அது 0.17, பூனையில் 0.24. முயலுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் இறந்த முயல்களில் பாதிக்கு மேற்பட்டவை அறுவை முடிந்த பின்னரே இறந்தன என்று அதே ஆய்வு கூறுவதால், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பே பெரிதும் தீர்மானிக்கிறது என்று கொள்ளலாம்.

ஆகவே மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் கூச்சம் கூடாது. முயலுக்கு வாந்தியெடுக்க இயலாது. அதன் குடல் இடையறாது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். நாய்க்குச் சொல்வதைப்போல "முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடுங்கள்" என்று கூறுகிறவர் முயல் அறுவையில் பழகியவர் அல்லர், அங்கிருந்து வெளியேறிவிடலாம். இதுவரை எத்தனை முயல்களுக்கு இந்த அறுவையைச் செய்திருக்கிறார், வலிநிவாரணி எத்தனை நாள் தருவார் என்று கேட்பது வளர்ப்பவரின் உரிமை. வீடு திரும்பிய முயல் அன்றே புல் கடிக்கத் தொடங்க வேண்டும். அரை நாள் கடந்தும் உண்ணாமல், புழுக்கையிடாமல் இருந்தால் குடலியக்கம் நின்றுவிட்டது என்று கருதி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுப்பது முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே பறிக்கும் என்பதால், வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் அறவே கூடாது. வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளும் முயல் கருத்தடைக்கென வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, இளம் மருத்துவர்களை அதில் பழக்க வேண்டும் என்பது இக்கல்லூரிகளை நடத்தும் பல்கலைக்கழகத்திற்கு இக்குழு விடுக்கும் தனிக் கோரிக்கை.

ஏற்கெனவே ஜோடி முயலை வைத்திருப்போர் இவ்வறிக்கையைப் படித்த அன்றே இரண்டையும் தனித்தனிக் கூண்டில் பிரிக்க வேண்டும். ஆணுக்கு அறுவை முடிந்துவிட்டது என்று அன்று மாலையே பெண்ணோடு சேர்த்துவிடலாகாது. அறுவைக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அது கருத்தரிக்கச் செய்யும் ஆற்றலோடு இருக்கும். காலம் கழிந்து, இரண்டும் மெல்லப் பழக்கப்படுத்தப்பட்டால், சண்டையும் சிறுநீர் பீய்ச்சலும் தணிந்து ஆயுள் முழுதும் சேர்ந்து வாழும். ஆண்கள் இரண்டு என்றால் அறுவையின்றிச் சேர்த்து வைப்பது ஒன்றையொன்று கடித்துக் குதறவே வழிசெய்யும்.

அடுக்குமாடி நலச் சங்கங்கள் பூங்கா வாசல் கேமராக்கள் இயங்குவதை உறுதிசெய்து, பெட்டியோடு வருவோரின் பதிவைப் பாதுகாக்க வேண்டும். இந்தக் கோடையில் முயலைக் கைவிடுவோர் அடையாளம் தெரிந்தால், அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது என்று தெரிந்தே, ஒவ்வொருவர் மீதும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் இக்குழு சார்பில் புகார் அளிக்கப்படும். அதே நபர் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அகப்பட்டால் மூன்று மாதம் வரையிலான சிறைக்கு அச்சட்டத்தில் இடமிருப்பதால், முதல் புகார் எதுவும் சமரசமாகத் திரும்பப் பெறப்பட மாட்டாது.