செடிக்கு ஆராய்ச்சி, நமக்குப் படிவமா?

வட்டகொடைக்கு அடுத்த ஸ்டேஷன் தலவாக்கலை. அங்கே செயின்ட் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது. 1946இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது ஆராய்ச்சியாளர்கள் நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார்கள். செம்பு மருந்து அடிக்கச் சொன்னார்கள். நோய் தாங்கும் கன்றுகளைத் தேடினார்கள். செடிக்கு யாரும் விழிப்புணர்வு வகுப்பு வைக்கவில்லை.

நம் பிள்ளைகளின் கதையைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு அரசாங்கத்தின் குடிசன சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. தோட்டங்களில் அது 32 பேர். அளந்தாயிற்று. மருந்து என்ன? தாய்மாருக்குச் சத்துணவு வகுப்பு! முட்டை கொடுங்கள், பருப்பு கொடுங்கள், கீரை கொடுங்கள் என்கிறார்கள். அரைப்பேர் விழுந்த மாதத்தில் முட்டை எப்படி வாங்குவது என்று கேட்டால், அதை எழுத அவர்கள் படிவத்தில் கட்டமில்லை.

இதனால் சில தோழர்கள், "இனி எந்த ஆய்வுக்காரரையும் லயத்துப் பக்கம் விடக்கூடாது" என்கிறார்கள். அது பிழை. அரசாங்கக் கணக்கில் 2016இல் தோட்டத்து வறுமை நூற்றுக்கு 8.8. 2019இல் 33.8. மூன்றே வருடத்தில் நாம் நான்கு மடங்கு ஏழைகளாகிவிட்டோமா? முக்கிய காரணம் அதுவல்ல. பழைய வறுமைக்கோடு காலங்கடந்து கிடந்தது. அதைப் புதிதாகப் போட்டார்கள். அதுவரை கணக்கில் வராதவர்கள் பக்கத்துக் காம்பராவில்தான் இருந்தார்கள், அவர்களுக்கு நிவாரணம் கேட்க நம்மிடம்தான் கணக்கு இல்லை. சம்பளப் பேச்சுக்குப் போகும்போது மேசையில் முதலில் வைக்க வேண்டியது அந்த 33.8தான். நம் தோட்டத் தலைவர்மாரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரியாதது அவர்கள் குற்றமல்ல. பிரட்டுக்களத்தில் யார் வந்து வாசித்துக் காட்டினார்கள்?

புள்ளைக்காம்பராவுக்குத் தராசு கொண்டுவருபவர், அரச உத்தியோகத்தரோ, தொண்டு நிறுவனத்தாரோ, பல்கலைக்கழக மாணவரோ, கேள்விகளை முதலில் மாதர் கமிட்டிக்குக் காட்டட்டும். மாதத்தில் எத்தனை பேர் கிடைத்தது, எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், கடைக்கடன் எவ்வளவு என்ற கேள்விகளும் அதில் இருக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி, அளந்த அதே லயத்துக்கு வந்து சொல்லட்டும். இதற்குச் சம்மதிக்காதவருக்கு நம் பிள்ளைகளை நிறுத்த வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்துக்கு இதுவரை யார் யார் வந்து என்ன கேட்டுப் போனார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பிள்ளையின் நிறை அட்டையையும் அதே மாதச் சம்பளத் துண்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாமே கணக்குப் போடத் தொடங்குவோம்.