வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்றால் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்று பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். இந்த எண்ணம் ஓர் ஊர் முழுக்கப் பரவினால் என்ன ஆகும்? சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்.

வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று அங்கே கேட்கிறார்கள். ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010-ல் 32.3 சதவீதம். 2020-ல் 48.3 சதவீதம். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 41.6-லிருந்து 59.2 ஆகிவிட்டது. தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 36.7-லிருந்து 27.3 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். இந்தியர் என்ற கணக்கில் மலையாளிகள், பஞ்சாபியர்கள், புதிதாகக் குடியேறிய வடஇந்தியர்கள் எல்லாரும் உண்டு. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் மாறியது மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

இத்தனைக்கும் அங்கே தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் பாடம். நாளிதழ், ரேடியோ, டிவி எல்லாம் இருக்கின்றன. கம்ப்யூட்டரிலும் அவர்கள் முன்னோடிகள். நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இன்டர்நெட்டில் ஏற்றியது சிங்கப்பூரில்தான். 1997-ல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் அங்கேதான்.

ஃபான்ட்டும் கீபோர்டும் சாஃப்ட்வேரும் ஒரு மொழியை எழுத உதவும். பேச வைப்பது வீடுதான். இதைத்தான் இந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு விவரமும் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 87 சதவீதம் பேர் தங்கள் தாய்மொழி போன்ற வேறொரு மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். ஒன்று வந்தால் மற்றொன்று போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பள்ளியிலும், கேம்ஸிலும், யூடியூபிலும் தானாகவே கிடைக்கிறது. தமிழ்ப் பேச்சுக்கு, அதுவும் வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு, வீட்டை விட்டால் வேறு வழி குறைவு.

நாம் என்ன செய்யலாம்? விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இன்று தமிழ் கீபோர்டு கூடவே வருகிறது. செட்டிங்ஸில் சேர்த்துக்கொண்டால் போதும், காசு செலவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதை நிறுத்துங்கள். டைப் செய்யச் சிரமப்படும் தாத்தா பாட்டிக்கு வாய்ஸ் டைப்பிங்கைக் காட்டிக் கொடுங்கள். அவர்கள் தமிழில் பேசப் பேச, அது எழுத்தாகப் பேரப் பிள்ளைக்குப் போகும். பதிலும் தமிழில் வரவேண்டும் என்று அன்பாகக் கேளுங்கள்.

மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். சாப்பிடக் கூப்பிடும்போதாவது பிள்ளைகளைத் தமிழில் கூப்பிடுங்கள்.