பொறுப்பு அழைப்பவரதே

கணினிச் செய்நிரலாக்கம் விஞ்ஞான, பொறியியற் பீடத்தினருக்கே உரியதென்றும், கலைப்பீட மாணவர் அதிற் கருத்துரைப்பது அத்துமீறலென்றும் எண்ணுவோர் நம்மிடையே உளர். செய்நிரலொன்றின் கூறுகள் தம்முட் செய்தி பரிமாறும்பொழுது எழும் பிரச்சினை, அடிப்படையில் வாக்குறுதி பற்றிய பிரச்சினையே. யார் யாருக்கு என்ன வாக்களித்தார், அது மீறப்படின் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை ஆராயப் பொறியியற் பட்டம் இன்றியமையாததன்று.

சி மொழியிற் பெருவழக்காயுள்ள ‘மீளழைப்பு’ முறையை நோக்குவோம். ஒரு கூறு தன் சார்பொன்றின் முகவரியை மற்றொரு கூறிடம் பதிந்து வைக்கிறது. செய்தி வரும்பொழுது மற்றக் கூறு அச்சார்பை அழைக்கிறது. ஒன்றின் உள்ளமைப்பை மற்றது அறியாமலே இரண்டும் ஒத்துழைக்க இஃது உதவுகிறது. 1985 இல் வெளிவந்த முதலாவது விண்டோஸ் தொட்டே, சாளரங்களுக்குரிய செய்திகள் இவ்வாறு பதியப்பட்ட சார்புகளைச் சென்றடைந்து வருகின்றன. இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை.

ஆயின், இவ்வொழுங்கில் அதிகாரம் ஓரிடத்தும் பொறுப்பு வேறோரிடத்தும் உள்ளன. எப்பொழுது, எந்நிலையில், எத்தனை தடவை அழைப்பது என்பதை அழைக்கும் கூறே தீர்மானிக்கிறது. விளைவைச் சுமப்பதோ அழைக்கப்படும் கூறு. பதிவின்போது உடன் ஒப்படைக்கப்படும் தரவு, பெரும்பாலும் வகை குறிக்கப்படாத சுட்டியாகவே செல்கிறது. அது சுட்டுவது எத்தகைய தரவு, அழைப்பு நிகழும் வேளையில் அத்தரவு நினைவகத்தில் எஞ்சியுள்ளதா என்பவற்றைத் தொகுப்பான் சோதிப்பதில்லை.

“திறமையுள்ளவருக்கு இஃது இடராகாது, கைநூலைப் படித்து அவதானமாக எழுதினாற் போதும்” என்பது வழக்கமான மறுமொழி. இவ்வாதம் அனுபவத்தின் முன் நிற்கமாட்டாது. தொலைவிலுள்ள கணினியிற் பாதுகாப்பாக நுழைவதற்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். செய்நிரல், அவதானத்துக்குப் பெயர்பெற்றவர்களால் ஆக்கப்படுவது. நுழைய முனைபவர் குறித்த காலத்துள், வழமையாக 120 செக்கன்களுள், தம்மை நிரூபிக்காவிடின் இயக்க முறைமை ஒரு சமிக்ஞை மூலம் பதியப்பட்ட சார்பை அழைக்கிறது. இவ்வழைப்பு எக்கணத்திலும் குறுக்கிடலாம். நினைவகப் பங்கீடு அரைகுறையாய் நிற்கும் கணத்திலும் வரலாம். ஆகவேதான் அவ்வேளையிற் பயன்படுத்தத்தக்க சார்புகளைப் போசிக்ஸ் நியமம் பட்டியலிட்டுள்ளது. நிகழ்வுகளைப் பதிவேட்டில் எழுதும் சிஸ்லொக் சார்பு அப்பட்டியலில் இல்லை. இருந்தும் அது பயன்படுத்தப்பட்டது.

இவ்வகைத் தவறு 2006 இல் அங்கு கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டிருந்தது. 2020 ஒக்ரோபரில் நிகழ்ந்த மாற்றமொன்றின்போது காவலாயிருந்த வரி நீங்கியது, தவறு மீண்டது. 2024 ஜூலையிலேயே அது பகிரங்கமாயிற்று. லினக்ஸ் கணினிகள் பலவற்றில், கடவுச்சொல் அறியாத அயலார் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இடமளிக்கக்கூடிய தவறு அது.

விதி எழுதப்படாமல் இருக்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அது நியம நூலில் இருந்தது. செய்நிரலில் அதை நினைவூட்டிய ஒரே வரி நீங்கியபொழுது தடுத்துரைக்க எதுவும் இருக்கவில்லை. மாறாக, ஓப்பன் பி.எஸ்.டி. இயக்க முறைமை இத்தவறினாற் பாதிக்கப்படவில்லை. சமிக்ஞை வேளையிலும் தீங்கின்றி அழைக்கத்தக்க பதிவெழுதும் சார்பொன்றை அதன் ஆக்குநர் 2001 இலேயே அமைத்திருந்தமையே காரணம். அங்கு காத்தது தனிமனித அவதானமன்று. முற்கூட்டிச் செய்த ஏற்பாடு.

சி மொழியைக் கைவிடுவதே தீர்வென்போர் ஒருசாரார். தரவின் ஆயுளைச் சோதிக்கும் மொழிகள் இன்று உள்ளன என்பது மெய்யே. எனினும், வேறு மொழியிலும் அழைக்கும் வேளையைத் தெரிபவர் அழைப்பவராகவே இருப்பார்.

ஆதலின், அழைக்கும் உரிமையைத் தன்வசம் வைத்திருக்கும் கூறே பொறுப்பின் பெரும்பகுதியையும் ஏற்றல் வேண்டும். செய்தி குறுக்கிட்ட கணத்தில் ‘வந்தது’ என்ற குறியை மட்டும் இட்டு, உரிய பணியைப் பிரதான சுழலில் வரிசைப்படி ஆற்றுவது தகும். விசைப்பலகைச் செய்திகளை விண்டோஸ் இவ்வாறே வரிசையிலிட்டு, செய்நிரல் கேட்கும்பொழுது வழங்குகிறது. இதனாற் சிறிது தாமதமும் சிறிது நினைவகமும் செலவாகும். கொடுக்கத்தக்க விலையே அது. ஒப்படைத்த தரவை விடுவிப்பவர் யார் என்பது இடைமுகத்திலேயே தெளிவாதல் வேண்டும். பதிவு நீங்கியபின் அழைப்பு நிகழாது என்ற உறுதியும் அங்கிருத்தல் வேண்டும்.

இவ்வுறுதிகளைத் தர மறுத்துவிட்டு, அழைக்கப்பட்டவரின் கவனக்குறைவைப் பழிப்பது நியாயமாகாது. வேளையைத் தெரிந்தவர் எவரோ, அவ்வேளையின் விளைவுக்கும் அவரே விடை சொல்லக் கடமைப்பட்டவர்.