வட்ட மேசையில் எட்டுப் பேர்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் ரஃப் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள்தான். மேசையைச் சுற்றி எட்டுப் பேர்; ஏ-க்கு இடப்பக்கம் மூன்றாவது ஆள் டி, டி-யை ஒட்டி பி இல்லை. அதில் நாலு பேர் மையத்தைப் பார்க்க, மற்ற நாலு பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள்; இடமும் வலமும் அவர்களுக்கு மாறிவிடும். (எந்த வீட்டு விருந்தில் இப்படி உட்காருகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.) நேரம் கொடுத்தால் யாரும் போட்டுவிடலாம். ஐபிபிஎஸ் எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் இந்தப் புதிர்கள் வரும் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம்; தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அதனால் மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சியில் பாதி, எதைத் தொடக் கூடாது என்று பழகுவதுதான். மூன்று வரி படித்ததுமே சிக்கல் புதிர் என்று தெரிந்தால், சட்டென்று விட்டுவிட்டு, கூற்றுகளிலிருந்து முடிவு காணும் சிலாஜிசத்துக்கும் ரத்த உறவுக் கேள்விகளுக்கும் தாவிவிட வேண்டும். இதில் திணறுபவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகளே. எடுத்த கணக்கை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நாம்தான், இப்போது பாதியில் கைவிடத் தெரியவில்லையே என்று அவர்களைக் கடிந்துகொள்கிறோம்.