126 என்ற பொய்

ஜாவாவிலிருந்து சி++ டி.எல்.எல். ஒன்றைக் கூப்பிட முயலும் மாணவனுக்கு விண்டோஸ் தரும் முதல் பரிசு ஒரு பொய். கோப்பு கண்ணெதிரே இருக்கும். "மாட்யூல் கிடைக்கவில்லை, பிழை 126" என்று லோடர் சாதிக்கும். அவன் பெயரைத் திருத்துவான், பாதையை மாற்றுவான், கடைசியில் ஜாவாவையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுவான்.

காணாமல் போனது அவனுடைய கோப்பே அல்ல. மின்ஜிடபிள்யூவில் கம்பைல் செய்த டி.எல்.எல். பெரும்பாலும் லிப்எஸ்டிடிசி++-6 என்ற இன்னொன்றைத் தேடும். விஷுவல் சி++ என்றால் விசிரன்டைம்140. கம்பைலர் இருக்கும் கணினியில் இவை எங்காவது அகப்பட்டுவிடும். நண்பனின் கணினியில் அகப்படாது.

விண்டோஸுக்கு அந்தப் பெயர் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு எக்ஸி கோப்பை டபுள் கிளிக் செய்தால், எந்த டி.எல்.எல். இல்லை என்று பெயர் சொல்லியே பெட்டி காட்டுகிறது. லோட்லைப்ரரி வழியாகப் போனால் மட்டும் வெறும் எண்ணை நீட்டுகிறது. லினக்ஸின் டிஎல்எரர் இல்லாத லைப்ரரியின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிடுகிறதே! ஜாவா தன் பங்குக்கு "சார்ந்த லைப்ரரிகள் கிடைக்கவில்லை" என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

சரி, டி.எல்.எல். ஏறிவிட்டது. அப்போதும் அதே அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர் வரலாம். நோய் வேறு, பெயர் ஒன்று. 32-பிட்டில் இரண்டு முழு எண்களை வாங்கும் ஃபங்ஷனை விஷுவல் சி++ "_ஜாவா_கணக்கு_கூட்டு@16" என்று வெளியிடும். மின்ஜிடபிள்யூ அந்த முதல் அடிக்கோட்டை விட்டுவிடும். ஜாவா தேடுவது அடிக்கோடும் வாலும் உள்ள பெயரை, அல்லது இரண்டும் இல்லாத பெயரை. நடுவில் நிற்பதற்கு இடமில்லை. லிங்கருக்கு கில்-அட் ஆப்ஷன் கொடுத்தால் வால் போய்விடும். (64-பிட்டில் இந்த வாலே கிடையாது.)

இத்தனைக்கும் இணையம் ஆண்டுக்கணக்கில் விற்கும் ஒரே மருந்து: "சிஸ்டம்32-இல் காப்பி பண்ணு." சில சமயம் வேலை செய்வதுதான் இதன் ஆபத்து. ஜாவா ஏற்றும் டி.எல்.எல்.லின் துணைகளை விண்டோஸ் ஜாவா.எக்ஸி இருக்கும் ஃபோல்டரில் தேடும், சிஸ்டம்32-இல் தேடும். பக்கத்திலேயே வைத்திருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64-பிட் கோப்புகளின் இடம், 32-பிட்டுக்கு உரியது சிஸ்வாவ்64. பெயர் வைத்த மகராசன் வாழ்க :-) மாற்றிப் போட்டவனுக்குப் புதிதாகப் பிழை 193 கிடைக்கும். சரியாகப் போட்டாலும், அதே பெயரைத் தேடி வரும் வேறொரு நிரல் இவனுடைய பதிப்பை எடுத்துக்கொண்டு விழும்.

ஜி++-க்கு ஸ்டேடிக், விஷுவல் சி++-க்கு /எம்டி கொடுத்தால் கம்பைலரின் துணை லைப்ரரிகள் உள்ளேயே வந்துவிடும். முடியாவிட்டால் சிஸ்டம்.லோட் மூலம் துணைகளை முழுப் பாதையோடு முதலில் ஏற்றிவிட்டு, சொந்த டி.எல்.எல்.லைக் கடைசியில் ஏற்றலாம். துணைகள் எவை என்பதை டம்ப்பின்னோ ஆப்ஜ்டம்ப்போ ஒரு நொடியில் பட்டியலிடும். லோடர் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டிய பெயரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.