ஐந்நூற்றில் ஒன்றுக்கு அலையும் பிள்ளைகள்

அம்பூரி ஜங்ஷனில் சாயங்காலம் வெள்ளறடை பஸ் வரும் நேரத்தில் சற்று நின்று பார்த்தால் ஒரு காட்சி தென்படும். கடைத் திண்ணையில் இரண்டு மூன்று பையன்கள் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விரலால் ஒரு தட்டு, ஒரு பார்வை, உடனே மூடல்; மறுபடியும் ஒரு தட்டு. பஸ் வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறிப் புறப்பட்டும் போய்விடும். "லேய் மக்கா, வண்டி போகுது பாரு" என்று யாராவது சத்தம் போட்டால்தான் தலை நிமிரும். பெரியவர்கள் இதைக் கிறுக்கு என்கிறார்கள். பையன்களோ இதற்கு "ஷைனி வேட்டை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். போக்கிமான் என்ற ஆட்டம் ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வெளியானது. அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வயலும் குளமும் கட்டடங்களாக மாறிய பிறகு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் கிடைக்கட்டும் என்று, விதவிதமான பிராணிகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் ஆட்டமாக அமைத்தார். நெய்யாறு சரணாலயத்தை ஒட்டிக் கிடக்கும் அம்பூரியில் பூச்சிக்கும் பட்டாம்பூச்சிக்கும் பஞ்சமே இல்லை. அதைப் பார்க்காமல் திரையில் பூச்சி பிடிக்கிறார்களே என்று குறைபடுவோர் உண்டு. அந்தக் குறையைத் தனியே பேச வேண்டும்.

1999-ல் வந்த இரண்டாவது தொகுதி ஆட்டத்தில்தான் இந்த நிறம் மாறிய பிராணி புகுந்தது. வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும் கயராடோஸ் என்னும் பெரிய பிராணி, ஓர் ஏரியின் நடுவே சிவப்பாகத் தோன்றும். அதைக் கண்டவர்களுக்கு ஆசை பிடித்தது. அந்த ஒன்று எல்லோருக்கும் கிடைக்கும். மற்றப் பிராணிகளில் நிறம் மாறியது வருவதற்கு 8192-ல் ஒரு வாய்ப்புத்தான். 2013-ல் இதை 4096-ல் ஒன்று எனத் தளர்த்தினார்கள். நிறம் வேறு, தோன்றும்போது ஒரு மினுமினுப்பு. மற்றபடி அதற்குத் தனி வலிமை எதுவும் கிடையாது. ஆனாலும் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் இதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளச் சில வழிகளும் உண்டு. 2006-ல் வந்த ஆட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு மொழி ஆட்டத்துப் பிராணியையும் வேற்று மொழி ஆட்டத்துப் பிராணியையும் ஜோடி சேர்த்தால், பிறக்கும் குஞ்சு நிறம் மாறியதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜூனிச்சி மசூதாவின் பெயரால் இதை மசூதா முறை என்கிறார்கள். 2013 ஆட்டக் கணக்கின்படி 4096-ல் ஒன்று என்பது இந்த முறையில் 683-ல் ஒன்றாகிறது. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்து, கல்யாணச் சம்பந்தத்தையும் எல்லைக்கு இரு புறமும் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு, இரு மொழி சேர்ந்தால் அபூர்வம் பிறக்கும் என்பதை ஜப்பான்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அம்பூரிப் பையன்கள் ஆடுவது கைபேசியில் வரும் போக்கிமான் கோ. வெளிநாடுகளில் 2016 ஜூலையிலும், இந்தியாவில் அதே ஆண்டு டிசம்பரில் ஜியோ நிறுவனத்தின் கூட்டோடும் வந்தது. இதில் வீட்டில் உட்கார்ந்து பயனில்லை, நடக்க வேண்டும். கோயில், குருசடி, சிலை, நூலகம் போன்ற இடங்களை நிலையங்களாகக் குறித்திருக்கிறார்கள். அருகே போனால் சாமான் கிடைக்கும். பிராணிகளும் கூடுதலாகத் தோன்றும். பிராணியைத் தட்டிப் பார்த்தால்தான் அதன் நிறம் தெரியும். இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஒரே பிராணியைத் தட்டினாலும் ஒருவனுக்கு மின்னும், மற்றவனுக்குச் சாதாரணமாக இருக்கும். ஆளுக்கு ஆள் தனிக் குலுக்கல்.

குலுக்கல் என்ற சொல் வந்துவிட்டது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரள மண்ணில் கால் வைத்ததும் கண்ணில் படுவது லாட்டரித் தட்டுகள். கேரள அரசு 1967-ல் தனி இலாகா அமைத்து, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கலை நடத்தியது. தமிழக அரசு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது. அன்று முதல் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து சீட்டு வாங்கிப் போகிறவர்களை இங்குள்ளவர்கள் நன்றாக அறிவார்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு தமிழகத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்த செய்தி, எல்லாக் கடைத் திண்ணைகளிலும் ஒரு வாரம் ஓடியது. அந்த ஆண்டு விற்ற சீட்டு 70 லட்சத்துக்கு மேல் என்பதை எத்தனை திண்ணையில் பேசினார்கள்?

லாட்டரிச் சீட்டு வாங்குகிறவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. "இத்தனை வருஷமா எடுக்கேன், இனி விழாமப் போகாது." நிறம் மாறிய பிராணிக்கு அலையும் பையனும் இதையேதான் சொல்கிறான். "அண்ணே, நானூறு தட்டியாச்சு. இன்னும் நூறுக்குள்ள வந்திரும்." இந்தக் கணக்கு தப்பு. தப்பான இடம் இதுவே.

ரயில் முன்பதிவில் ஒருவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் 40 என்று கிடைக்கிறது. முன்னால் உள்ளவர்கள் ரத்து செய்யச் செய்ய அவர் 30 ஆகிறார், 12 ஆகிறார், ஆர்.ஏ.சி. ஆகிறார், கடைசியில் படுக்கையும் கிடைக்கலாம். அங்கே ஒரு வரிசை இருக்கிறது, அது நகர்கிறது, காத்திருந்ததற்குக் கணக்கு உண்டு. ஷைனி வேட்டையில் வரிசையே கிடையாது. ஒவ்வொரு தட்டும் புதிய டிக்கெட். ஒவ்வொரு தடவையும் அவன் கடைசி ஆள். முன்பு தட்டிய நானூறும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

ஐந்நூற்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் இந்த ஆட்டத்தின் வாய்ப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். நூறு பையன்கள் ஆளுக்கு 500 தடவை தட்டினால், 63 பேருக்கு ஒன்றாவது கிடைத்திருக்கும். மீதி 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆளுக்கு 1000 தட்டிய பிறகும் சுமார் 13 பேருக்கு ஒன்றும் இருக்காது. அந்தப் பதின்மூன்று பேர் செய்த பிழை எதுவுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து முகம் வாடி உட்காருகிறவர்கள் அவர்கள்தான். அடுத்தவன் கைபேசியில் பொன்னிற மாஜிகார்ப் மீன் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, தனக்கு மட்டும் விதி இப்படி என்று நினைக்கிறவர்களும் அவர்கள்தான்.

அம்பூரிக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் வாய்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றே; ஆனால் எத்தனை தட்டு கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் வேறு. இந்த ஆட்டத்தின் நிலையங்கள், அதே நிறுவனத்தின் முந்தைய ஆட்டமான இன்க்ரெஸில் ஆடினவர்கள் குறித்துக் கொடுத்த இடங்களிலிருந்து வந்தவை. ஆடினவர்கள் பெரும்பாலும் நகரத்தார். ஆகவே திருவனந்தபுரம் பாளையத்தில் பத்தடிக்கு ஒன்று தோன்றினால், மலையோரத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் வெறுமை. நகரத்துப் பையன் ஒரு மணி நேரத்தில் தட்டுவதைத் தட்ட மலையோரப் பையனுக்கு நாள் முழுவதும் வேண்டும். இதனால்தான் சிலர் கைபேசியை ஏமாற்றி, தாங்கள் டோக்கியோவில் நடப்பதாகக் காட்டும் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். நிறுவனம் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

இவ்வளவும் காசில்லாத விளையாட்டாக இருக்கும் மட்டும் பெரிய தோஷமில்லை. நடக்கிறான், நாலு இடம் பார்க்கிறான், ஒத்த வயதுக்காரர்களோடு பழகுகிறான். வெறும் தட்டுக்கு எந்தச் செலவும் இல்லை. ரப்பர் வெட்டப் போகும் தகப்பன் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடப்பதுபோல இவனும் குருசடிக்குக் குருசடி நடக்கிறான் என்று விட்டுவிடலாம். வேட்டையில் தேர்ந்தவர்கள் வேறொன்றும் சொல்வார்கள்: எளிதில் கிடைத்தால் இதில் சுவையே இல்லை, எத்தனையாவது தட்டில் வந்தது என்ற கதைதான் மிச்சம் என்று. அதை மறுக்க முடியாது. தூண்டில் போட்டு நெய்யாற்றங்கரையில் பகல் முழுவதும் உட்கார்ந்தவர்களுக்கு அது விளங்கும்.

காசு நுழையும் இடம் வேறு. முட்டைகளை நடந்து நடந்து பொரிக்க வேண்டும். அதற்கான கருவி ஒன்று இலவசம்; ஒரே சமயத்தில் பல முட்டை பொரிக்க வேண்டுமானால் காசு. பலர் கூடித் தாக்கும் பெரிய பிராணிக்கு நாளுக்கு ஓர் அனுமதி இலவசம்; மேலும் வேண்டுமானால் காசு. "இன்னும் நூறுக்குள் வந்திரும்" என்று நம்புகிறவன் இங்கேதான் தகப்பன் கைபேசியில் இருக்கும் வங்கிக் கணக்கைத் தேடுகிறான். முட்டையில் எந்தெந்தப் பிராணி இருக்கலாம் என்பதை 2021 முதல் அபூர்வ வரிசைப்படி காட்டுகிறார்கள். எத்தனையில் ஒன்று என்ற எண்ணை மட்டும் காட்டுவதில்லை. ஷைனிக்கும் அப்படியே, "கூடுதல் வாய்ப்பு" என்று அறிவிப்பு வரும், எண் வராது. இந்த ஐந்நூறு என்ற கணக்கும், ஆடுகிறவர்கள் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான தட்டுகளை எழுதி வைத்து, கூட்டிக் கழித்துக் கண்டதுதான். 2025-ல் இந்த ஆட்டம் உள்ளிட்ட தொழிலை நியான்டிக் நிறுவனம் 350 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. அத்தனை பெறுமதியுள்ள சரக்குக்கு ஒரு விவரச் சீட்டு ஒட்டக் கூடாதா?

லாட்டரியைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், கேரள லாட்டரிச் சீட்டின் பின்பக்கத்தில் பரிசு விவரம் அச்சிட்டிருக்கிறது. எத்தனை சீட்டு விற்றது என்பதும் செய்தியாக வெளிவருகிறது. விரும்புகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீனாவில், காசு கொடுத்துக் குலுக்கலில் பெறும் ஆட்டப் பொருளுக்கு வாய்ப்பு எண்ணை வெளியிட வேண்டும் என்று 2017-ல் விதி கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் நமது நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பணத்தைப் பந்தயமாக வைக்காத ஆட்டத்தில், பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் குலுக்கலுக்கு எண் வெளியிட வேண்டும் என்ற விதி இங்கே இன்னும் வரவில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதால் பையன் பக்கத்து வீட்டுக் கைபேசியில் ஆடுவான். கணக்கு தெரிந்தவனாகிவிட மாட்டான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் உண்டு. தாயமும் சீட்டுக்கட்டும் வைத்து அதை நடத்தும் ஆசிரியர், ஒரு நாள் இந்தப் பொன்னிற மீனை வைத்து நடத்தினால் கடைசி பெஞ்சும் தூங்காது.

மாதத்தில் ஒரு சனி அல்லது ஞாயிறு, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, குறிப்பிட்ட ஒரு பிராணி கூட்டம் கூட்டமாக வரும். 2018 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த மூன்று மணி நேரம் ஐந்நூறு என்பது ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். அன்று அம்பூரிப் பையன்கள் காலையிலேயே வெள்ளறடை வழியாக நகரத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். முதல் நாள் வரை அபூர்வமாக இருந்தது அன்று ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று கையில் இருக்கும். 5 மணி அடித்ததும் குழாயை மூடியதுபோல் பழைய கணக்கு திரும்பிவிடும். ராத்திரி பஸ்ஸில் வரும்போது, எவனுக்கு எத்தனையாவது தட்டில் வந்தது என்பதுதான் ஜங்ஷன் வரை பேச்சு.