கூகிள் ஸ்காலரோடு நின்றுவிடாதீர்கள்

செமஸ்டர் முடிகிற நேரம் வந்தால் தம்பி, தங்கைமாரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "அக்கா, ரிசர்ச் பேப்பருக்கு எங்கே தேடுவது?" பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான டேட்டாபேஸ்கள். பட்டியலைப் பார்த்ததுமே தலை சுற்றி, எல்லோரும் கூகிள் ஸ்காலருக்கே திரும்பிப் போகிறார்கள்.

என் கருத்து இதுதான்: பொதுத் தளத்தில் ஆரம்பியுங்கள். ஆனால் உங்கள் துறைக்கென்று இருக்கிற சிறப்புத் தளத்தில் தேடாமல் கட்டுரையை எழுதத் தொடங்காதீர்கள்.

ஒடியல் மா வாங்கப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? அங்கே பல வகை மா இருக்கும், ஒடியல் மா இருக்காது. அதற்குத் தமிழ்க் கடைக்குத்தான் போக வேண்டும். அதற்காக சூப்பர் மார்க்கெட்டே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

பொதுத் தளங்களும் அப்படித்தான். 2004இல் வந்த கூகிள் ஸ்காலர், நூலகங்கள் சந்தா கட்டித் தரும் அகடமிக் சேர்ச் கம்ப்ளீட் போன்றவை எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் தரும். தலைப்பு இன்னும் தெளிவாகாத முதல் நாளில் இவை மிகவும் உதவும். யார் இதைப் பற்றி எழுதுகிறார்கள், என்ன சொற்களைப் பாவிக்கிறார்கள் என்பதைச் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள் என்பதால் சொல்கிறேன்: எந்தத் தேடுபொறியும் தன் அட்டவணையில் உள்ளதை மட்டும்தான் காட்டும். கூகிள் ஸ்காலர் எந்தெந்த இதழ்களைத் தேடுகிறது என்ற முழுப் பட்டியலை வெளியிடுவதில்லை. ஒரு கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது. அதனால் ஏற்கெனவே பிரபலமான பழைய கட்டுரைகள் மேலே வருவது சகஜம். போன வருடம் வந்த நல்ல கட்டுரை ஐந்தாம் பக்கத்தில் கிடக்கலாம். ஐந்தாம் பக்கத்துக்கு யார் போகிறார்கள்?

சிறப்புத் தளம் வேறு மாதிரி வேலை செய்கிறது. நம் வீடுகளில் அம்மம்மா "சலரோகம்" என்பார், அப்பா "சீனி வருத்தம்" என்பார், பத்திரிகையில் "நீரிழிவு" என்று வரும். மூன்றும் ஒன்றுதான். சொல்லை மட்டும் பார்க்கிற தேடலுக்கோ அவை மூன்று. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 'மெஷ்' என்று ஒரு பொருட்சொல் பட்டியல், 1960இல் தொடங்கியது. எழுதியவர் எந்தப் பெயரைப் பாவித்திருந்தாலும், அங்குள்ள பெரும்பாலான கட்டுரைகளுக்கு அந்தப் பட்டியலில் உள்ள சொல் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்தால் சிதறிக் கிடந்தவை ஒன்றாக வரும். பிறகு வயது, ஆய்வு வகை என்று சல்லடை போடலாம். பப்மெட் எல்லோருக்கும் இலவசம்.

பொறியியல் படிப்பவர்களுக்கு ஐஈஈஈ எக்ஸ்ப்ளோர் இருக்கிறது. கணினித் துறையில் பல புதிய யோசனைகள் இதழ்களுக்கு முன் மாநாடுகளில்தான் வெளிவரும். அந்த மாநாட்டுக் கட்டுரைகளும் தொழில்நுட்பத் தரநிலைகளும் அங்கே கிடைக்கும்.

சிறப்புத் தளத்துக்கும் எல்லை உண்டு. புலம்பெயர்ந்த தமிழரிடையே நீரிழிவு என்பது உங்கள் தலைப்பானால், பப்மெட் மருத்துவப் பக்கத்தைச் சொல்லும். அம்மம்மா ஏன் சோற்றைக் குறைக்க மறுக்கிறார் என்பதற்குச் சமூகவியல் தளமும் வேண்டும். ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி 3 முதல் 5 வருட இதழ்கள் இருக்காது; வரலாற்றுக்கு அது பரவாயில்லை, புதிய ஆய்வுக்குப் போதாது. ஆகவே ஒரு தலைப்புக்கு இரண்டு சிறப்புத் தளங்களாவது பாருங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றியே எழுதுகிறவர்களுக்கு. உங்களில் பலர் யாழ்ப்பாணத்தைப் பற்றியும், போரைப் பற்றியும், 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தைப் பற்றியும் எழுதுகிறீர்கள். பொதுத் தளங்களில் தேடினால் வருபவை பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகள். ஊரில் அச்சான தமிழ்ப் பத்திரிகைகளும், கோயில் மலர்களும், பள்ளிக்கூட ஆண்டு மலர்களும் அங்கே வருவது அரிது. அவற்றைத் தேட, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத்தளம் இருக்கிறது. தமிழகத்து அச்சு நூல்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

அங்கே பார்க்காமல் "இதைப் பற்றி யாரும் எழுதவில்லை" என்று உங்கள் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். அந்த வரியை அடுத்து வருகிறவர் மேற்கோள் காட்டுவார். நாலு பேர் காட்டினால் அதுவே உண்மையாகிவிடும். எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பீர்கள் என்றாலும், உங்கள் வகுப்பில் வேறு பலரால் முடியாத ஒன்று உங்களால் முடியும்.

எந்தத் தளம் என்று தெரியாவிட்டால், உங்கள் துறைக்குப் பொறுப்பான நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவருடைய வேலையே அதுதான். பட்டம் வாங்கி வெளியே வந்தபின் சந்தாத் தளங்கள் பெரும்பாலும் உங்களுக்குப் பூட்டப்பட்டுவிடும். திறந்திருக்கும்போதே உள்ளே போய்ப் பாருங்கள்.